நடந்து கடந்த மூன்று கட்டங்கள்

மே 5, திங்கள்

ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து கடல் தெரியும் என்றார்கள். தெரிகிறது. தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் ஒரு கீற்று. அதைப் பார்த்துக்கொண்டே பெட்டியைப் பிரித்தேன். பள்ளிபாளையத்தில் பிறந்து வளர்ந்த நான் இதுவரை கடலைப் பார்த்தது மூன்று முறை, அதில் இரண்டு பள்ளிச் சுற்றுலா. முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இந்தப் பெண்ணைத்தான் சென்னையில் கடலோரக் கடலியல் மாடலிங் குழுவில் கோடைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள்.

பயிற்சி ஜூன் வரை. முடிவில் ஆராய்ச்சி மாணவர் இடம் ஒன்றுக்கு நேர்முகத் தேர்வு நடக்கும் என்று நோட்டீஸில் இருந்தது. ஒரே ஒரு இடம், ஐந்து வருடம். அதற்காக நான் வரவில்லை. சான்றிதழ் கிடைத்தால் போதும். வீட்டில் "ட்ரெய்னிங்" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

மே 6, செவ்வாய்

செவ்வாய்தோறும் குழுக் கூட்டம். ஒவ்வொருவரும் திரையில் தங்கள் படங்களைப் போட்டுப் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் குழுத் தலைவர் நாச்சியப்பன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி "அப்புறம்?" என்கிறார். அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. எல்லோரும் "அவ்வளவுதான் சார்" என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

என்னை ஜெனிட்டா அக்காவிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். குளச்சல்காரர், நான்காம் வருட ஆராய்ச்சி மாணவி. செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் அக்டோபரில் ஜெர்மனியில் வேலை தயாராக இருக்கிறது. என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். "மோகனப்பிரியா, ஒன் தொண்டையில வால்யூம் பட்டன் எங்க இருக்கு மக்கா?" என்றார்.

என் குரல் சின்னது என்று எனக்கே தெரியும். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை. அப்பா தறி ஓட்டுகிறார், அம்மா நூல் சுற்றுகிறாள். தறி ஓடும்போது பேசிப் பயனில்லை. எல்லோரும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கத்திப் பேச வேண்டிய இடத்தில் வளர்ந்து நான் மட்டும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

மே 9, வெள்ளி

மாடல் என்றால் என்ன என்று இப்போது ஓரளவு புரிகிறது. கரையையும் கடலையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒன்று நிலம், இல்லையென்றால் தண்ணீர். நிலம் பழுப்பு, தண்ணீர் நீலம். நீலக் கட்டங்களுக்கு ஆழம் கொடுத்து, காற்றும் கடலின் ஏற்ற இறக்கமும் கொடுத்தால், தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. பழுப்பா நீலமா என்று சாட்டிலைட் படத்தைப் பார்த்துச் சரிபார்ப்பது என் வேலை. நாள் முழுக்கச் சொடுக்கிக்கொண்டிருந்தேன். மாலையில் ஹாஸ்டல் வராந்தாவின் தரை ஓடுகளைப் பார்த்தபோதும் எது நிலம் எது தண்ணீர் என்று தோன்றியது.

எங்கள் மாடலில் வரும் ஊரின் பெயர் கழிக்குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருமாம். ஊருக்குப் பின்னால் நீளமான கழி, கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து தேங்கும் இடம். அது கடலோடு சேரும் முகத்துவாரம் எங்கள் வரைபடத்தில் மூன்று நீலக் கட்டங்கள். புயல் வந்தால் ஊரின் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று ஒரு படம் தயாரித்து அரசுத் துறைக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் படம்தான் ஜெனிட்டா அக்காவின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம். நனையும் இடம் நீலம், நனையாத இடம் வெள்ளை. கழிக்குப்பம் முழுக்க வெள்ளையாக இருக்கிறது.

மெஸ்ஸில் மோர்க்குழம்பு. பரவாயில்லை.

மே 14, புதன்

மாடலில் ஓர் எண் உறுத்துகிறது.

அடித்தளம் சொரசொரப்பாக இருந்தால் தண்ணீர் மெதுவாகப் போகும், வழவழப்பாக இருந்தால் வேகமாக. அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்க் கழிகளைப் பற்றி மூன்று கட்டுரைகள் படித்தேன். அவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் எண் அதைப் போலப் பல மடங்கு. கழியின் அடியில் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருந்தால்தான் அப்படி இருக்கும்.

ஆனால் அந்த எண்ணை வைத்தால்தான் மாடல் பொருந்துகிறது. போன வருடம் மே மாதம் கழிக்குள் ஒரு நீர்மட்டக் கருவி வைத்திருந்தார்கள். வெளியே கடல் தினமும் ஏறி இறங்கியும் கழிக்குள் தண்ணீர் அசையவே இல்லை என்று அது காட்டியது. மாடலிலும் அசையவில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகின்றன. பார்க்க அழகாக இருக்கிறது.

மதியம் சாப்பிடும்போதே கேள்வியை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் போய்க் கேட்டேன். "எனக்கு முந்தி இருந்தவரு போட்டது. நான் வந்தப்பமே ஓடிட்டுத்தான் இருந்துது. ஓடுறதத் தொடாத மக்கா" என்றார்.

இங்கே எல்லோருமே அப்படித்தான் என்று கவனித்தேன். ஒருவர் போகும்போது அவருடைய ஃபைல்கள் அடுத்தவருக்கு வருகின்றன. குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவர் அடித்த ஆணியைப் பிடுங்காமல் நாமும் அதிலேயே சட்டையை மாட்டுவது போல.

மே 16, வெள்ளி

டீ நேரத்தில் அப்பா கூப்பிட்டார். வெப்படைப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரப் பரிசோதனை லேபுக்கு ஆள் எடுக்கிறார்களாம். மேனேஜரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறார். "ஜூலை ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கச் சொல்றாங்க அம்மணி. லேப்புல ஏசி எல்லாம் உண்டு. உன்ற ட்ரெய்னிங்கும் முடிஞ்சுருமல்லோ?"

முடிந்துவிடும் என்றேன். நல்ல வேலை. வீட்டிலிருந்தே போய் வரலாம்.

பாறாங்கல் எண் பற்றி இன்னும் இரண்டு கட்டுரை இறக்கினேன்.

மே 20, செவ்வாய்

கூட்டம். கழியின் அடியில் என்ன இருக்கிறது, யாராவது பார்த்தீர்களா என்று கேட்பதற்காக உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொண்டு போனேன். கை வியர்த்து எழுத்து கலைந்துவிட்டது. கேட்கவில்லை.

என் படத்தைக் காட்டினார்கள். "எழுத்து ஈரு மாதிரி இருக்கு, சீப்பு கொண்டு வாங்க" என்றார் ஜெனிட்டா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சார் கண்ணாடியைத் துடைத்தார்.

மே 25, ஞாயிறு

இன்று கழிக்குப்பம் போய் வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போவது குற்றமா?

பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி, சாலையில் இறங்கி, சவுக்குத் தோப்புக்கு நடுவே நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தோப்பு முடிந்ததும் கழி. இத்தனை நாளாக நீலக் கட்டங்களாகப் பார்த்தது பச்சையும் பழுப்புமாக, எதுவும் நடக்காதது போல் கிடந்தது. கரையிலிருந்து ஒரு கால் எடுத்து வைத்தேன். பாறாங்கல் எதுவும் இல்லை. வெண்ணெய் போல் சேறு. கணுக்கால் போயிற்று, பிறகு ஆடுசதை போயிற்று. செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கையை விட்டுத் துழாவி எடுப்பதற்குள் சுரிதார் முழுக்கச் சேறு.

அப்படியே கரையோடு முகத்துவாரத்தைத் தேடிப் போனேன். வரைபடம் போனில் இருந்தது, நீலப் புள்ளியாக நானும் இருந்தேன். புள்ளி முதல் கட்டத்துக்குள் நுழைந்தது. நான் மணலில் நின்றிருந்தேன். ஒரு பக்கம் கழி, ஒரு பக்கம் கடல், நடுவில் மேடாகக் காய்ந்த மணல். அதில் வலை உலர்த்தியிருந்தார்கள். இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. நடந்தேன். இரண்டாவது கட்டம். மூன்றாவது கட்டம். அக்கரை வந்துவிட்டது. மாடலில் நான் மூழ்கிப் போயிருக்க வேண்டும். பாதத்தில் சேறு காய்ந்து வெடித்ததே தவிர நனையவில்லை.

திரும்பவும் நடந்து இக்கரைக்கு வந்தேன். பிறகு இன்னொரு தடவை.

இது எப்போது மூடியது என்று விசாரித்தேன். வலை பார்த்துக்கொண்டிருந்தவர் பொங்கல் கழிந்ததுமே மூடிக்கொள்ளும் என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் மாசி மகத்துக்குத் திறந்துதான் இருந்தது, நீ தூக்கத்தில் இருந்தாய் என்றார். போன வருடம் எப்படி என்று கேட்டேன். போன வருடம் மூடவே இல்லை என்று மூன்றாவதாக ஒருவர் சொல்ல, மற்ற இருவரும் அவர் மேல் பாய்ந்தார்கள். எப்போது திறக்கும் என்பதிலும் சண்டை. நான் மெதுவாக நழுவினேன்.

இரண்டாவது தெருவில் நீலக் கதவு வீட்டு வாசலில் ஓர் அம்மா குடம் கழுவிக்கொண்டிருந்தார். கால் கழுவத் தண்ணீர் கேட்டேன். அவரே ஊற்றினார்.

"கடலைப் பாக்க வந்து சேத்துல எறங்கின பொண்ண இப்பத்தான் பாக்குறேன். எந்த ஊரு?"

"பள்ளிபாளையம்ங்க. ஈரோடு பக்கம்."

"அங்க சேறு இல்லியா?"

பெயர் அஞ்சலாட்சி. குடிக்கவும் தண்ணீர் கொடுத்தார். வாசல்படி தரையோடு தரையாக இருக்கிறது. குனிந்து கால் கழுவும்போது பார்த்தேன்.

மே 26, திங்கள்

ஜெனிட்டா அக்காவிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். ஆடுகள் படுத்திருக்கும் படம். "எந்த இடம், நல்லா இருக்கு" என்றார். நம் முகத்துவாரம் என்றேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நிலமும் தண்ணீரும் பிரிக்கப் பயன்படுத்திய சாட்டிலைட் படத்தைத் தேடி எடுத்தோம். மேகம் இல்லாத படம் வேண்டும் என்று ஜனவரிப் படத்தை எடுத்திருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்தது, அப்போது முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறது. கருவி வைத்தது மே மாதம். போன வருட மே மாதப் படம் ஒன்று மங்கலாகக் கிடைத்தது. மூன்று கட்டங்களின் இடத்தில் வெளிறிய ஒரு கோடு. மணல்.

கழிக்குள் தண்ணீர் அசையாமல் இருந்தது அடித்தளம் சொரசொரப்பாக இருந்ததால் அல்ல. கதவு சாத்தியிருந்தது. மாடலில் கதவைத் திறந்து வைத்துவிட்டு, தண்ணீர் ஏன் உள்ளே வருகிறது என்று யோசித்து, அடியில் பாறாங்கல்லாக அடுக்கியிருக்கிறார்கள்.

"ஜனவரிக் கழியும் மே மாசக் கழியும் வேற வேறங்கக்கா" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை.

மே 29, வியாழன்

மூன்று கட்டங்களைப் பழுப்பாக்கி, எண்ணை மற்றவர்கள் வைப்பது போல வைத்து ஓட்டினேன். மே மாதம் முன்பைவிட நன்றாகப் பொருந்துகிறது. முன்பு மாடல் கோட்டில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அதுவும் இல்லை.

பிறகு புயல். நம் பக்கம் புயல் வருவது ஐப்பசி கார்த்திகையில். மழைத் தண்ணீர் மணலை உடைத்து முகத்துவாரம் திறந்திருக்கும். எனவே மூன்று கட்டங்களையும் நீலமாக்கி, பாறாங்கல்லை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினேன். கடல் தடையில்லாமல் கழிக்குள் போயிற்று. கழி நிறைந்து பின்பக்கமாக ஊருக்குள் ஏறியது.

நீலக் கதவு வீடு எந்தக் கட்டத்தில் வருகிறது என்று பார்த்தேன். இடுப்பளவு.

கணக்கு தப்பாக இருக்கலாம் என்று திரும்ப ஓட்டினேன். இடுப்பளவுதான்.

ஜூன் 3, செவ்வாய்

கூட்டத்தில் சார் நேர்முகத் தேர்வு பற்றிச் சொன்னார். ஜூன் 19. வெளியிலிருந்து நிபுணர்கள் வருவார்கள். பயிற்சியில் செய்த வேலையைக் காட்ட வேண்டும். "நீங்க கழிக்குப்பம் புயல் படத்தையே எடுத்துக்கங்கம்மா. ரெடியா இருக்கு. நம்ம குழுவுல நல்லா வந்த வேலை அது" என்றார் என்னிடம். அவர் என்னிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை. நன்றாகக் காட்டினால் இடம் எனக்குத்தான் என்று வெளியே வந்ததும் மற்றவர்கள் சொன்னார்கள்.

நான் அனுப்பிய இடுப்பளவுப் படத்தைப் பார்த்திருந்த ஜெனிட்டா அக்கா என்னைத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். பாட்டில் நிறைந்து வழிந்தது, மூடவில்லை. மூன்றாவது அத்தியாயத்தைத் திரும்பச் செய்தால் செப்டம்பர் போய்விடும், செப்டம்பர் போனால் ஜெர்மனி போய்விடும் என்றார். துறைக்கு அறிக்கை போவது எப்படியும் டிசம்பரில்தான், அதற்குள் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

"செப்டம்பர் வரைக்கும் வாய மூடிட்டு இருந்தா போதும். ஒனக்கு அது என்ன கஷ்டமா?" என்றார்.

கஷ்டம் இல்லைதான்.

ஜூன் 7, சனி

துணி துவைத்தேன். சுரிதாரில் கழிச் சேற்றின் கறை போகவில்லை.

ஜூன் 11, புதன்

புயல் படத்தை வைத்துப் பேசிப் பழகினேன். அறைக்குள் யாரும் இல்லாதபோது. வெள்ளைத் தெருக்கள் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் இருமி நிறுத்திவிடுகிறேன். ஏசிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பரில் அறிக்கை. புயல் நவம்பரில் வந்தால்?

அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று எனக்கு ஒன்றும் இல்லை. நூற்பாலை இருக்கிறது. இடம் கிடைக்காதவளுக்கு எதைக் காட்டினால் என்ன?

ஜூன் 15, ஞாயிறு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இடம் வேண்டாதவள் ஏன் ஞாயிற்றுக்கிழமை லேபில் உட்கார்ந்து, மணல் மேடு எப்படி உடைகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்? உலகத்தில் எத்தனையோ ஊர்களில் இப்படி மூடித் திறக்கும் கழிகள் இருக்கின்றன. உள்ளே தண்ணீர் எவ்வளவு உயர்ந்தால் உடையும், வெளியே அலை எப்படி இருந்தால் மூடும்? யாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. வலைக்காரர்கள் மூன்று பேரும் சண்டை போட்டதில் தப்பே இல்லை.

ஜூன் 18, புதன்

நாளைக்குப் புதிய படத்தைத்தான் காட்டப் போகிறேன் என்று ஜெனிட்டா அக்காவிடம் சொன்னேன். அவருடைய மேசைக்கு எதிரே நின்று சொன்னேன். பாதியில் குரல் போய்விட்டது. அவர் என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"ஒன் இஷ்டம்" என்று திரைப்பக்கம் திரும்பிவிட்டார்.

ஜூன் 19, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் மெயில் திறந்தேன். ஜெனிட்டா அக்காவிடமிருந்து ஒரு படம். என்னுடைய அதே புயல், அதே மூன்று நீலக் கட்டங்கள். ஆனால் கட்டங்களை இன்னும் நுணுக்கமாக வெட்டி, தெருக்களின் பெயர் போட்டு, நேற்று முழுக்க உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். கீழே ஒரு வரி: "இதக் காட்டு. ஒன் படத்துல எழுத்து கண்ணுக்கே தெரியாது. சாருட்ட நான் சொல்லியாச்சு."

சார் முகத்தில் எதுவும் தெரியவில்லை. நிபுணர்கள் இரண்டு பேர். ஒருவர் முழு நேரமும் டீ குடித்தார். இன்னொருவர், குட்டை முடி வைத்த ஒரு மேடம், முதல் வரிசையில் உட்கார்ந்து பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் பழைய படத்தையும் காட்டினேன், புதிய படத்தையும் காட்டினேன். எண் ஏன் தப்பு என்று சொன்னேன். அந்த மேடம், முகத்துவாரம் மே மாதம் மூடியிருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். சாட்டிலைட் படத்தைக் காட்டினேன். மங்கலாக இருக்கிறதே என்றார்.

"இந்த வருசம் நான் அதுமேல நடந்தேங்க மேடம். கால் நனையல" என்றேன். டீ குடித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

மங்கலான படம் பாதி ஆதாரம்தான் என்பதை நானே ஒப்புக்கொண்டேன். பேச வேண்டியது முடிந்துவிட்டது. சார் கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"அப்புறம்?"

அவ்வளவுதான் சார் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"அப்புறம், மணல் எப்ப உடையும்னு தெரியலைங்க சார். அது தெரியாம புயலன்னைக்கு எந்தக் கழியை மாடல்ல வைக்கறதுன்னு சொல்ல முடியாது. ஊர்ல மூணு பேரைக் கேட்டேன், மூணு பதில் சொன்னாங்க. கட்டுரைகள்லயும் அப்படித்தான் இருக்கு. எனக்கு அதைப் படிக்கணும்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னது நான்தான்.

ஜூன் 24, செவ்வாய்

முடிவு வந்தது. முதல் பெயர் வேறு ஒருவர், மும்பையில் படித்தவர். என் பெயர் காத்திருப்புப் பட்டியலில். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

பெட்டியைக் கட்டினேன். ஜன்னலில் கடல் இன்று தெரியவில்லை, யாரோ தொட்டிக்குப் பக்கத்தில் போர்வை காயப்போட்டிருக்கிறார்கள்.

ஜெனிட்டா அக்கா பஸ் ஏற்றிவிட வந்தார். ஜெர்மனிக்காரர்கள் ஜனவரி வரை காத்திருப்பதாக இன்னும் சொல்லவில்லை, கேட்டிருக்கிறாராம். பஸ் கிளம்பும்போது ஜன்னலைத் தட்டி, சாப்பிட எதையாவது வாங்கிக்கொண்டாயா என்று கேட்டார். அவ்வளவுதான் பேசினோம்.

ஜூலை 1, செவ்வாய்

நூற்பாலையில் சேர்ந்தேன். ஏசி உண்டு.

ஜூலை 10, வியாழன்

நூலை இழுத்து எப்போது அறுகிறது என்று பார்ப்பது வேலை. மெஷின் மெதுவாக இழுக்கும். நூல் தாங்கும், தாங்கும், பிறகு சட்டென்று அறும். ஒரே கட்டிலிருந்து எடுத்த நூல்கூட ஒரே இடத்தில் அறுவதில்லை. கூட வேலை பார்ப்பவர் ஏன் அப்படியே பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

கழிக்குப்பத்தில் மழையா என்று போனில் பார்த்தேன். இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் சென்னையிலிருந்து போன். நாச்சியப்பன் சார். மும்பைக்காரர் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டாராம். "வர்றீங்களாம்மா?" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று "அப்புறம்?" என்றார்.

வருகிறேன் சார் என்றேன். அப்பாவைக் கேட்காமல்.

ஜூலை 23, புதன்

கரண்ட் இல்லாததால் தறி நின்றிருந்தது. தெருவே அமைதி. அப்பா வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். இந்த அமைதியில் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது ட்ரெய்னிங் மட்டும் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜரிடம் அவர் முகம் என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். அம்மா உள்ளேயிருந்து பாத்திரத்தை உருட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா துண்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்து அறுத்தார்.

"மணலு எப்ப ஒடையும்னு பாக்கறதுக்கு அஞ்சு வருசமா?"

"ஆமாங்கப்பா."

"அதுக்கு முன்னாலயே ஒடஞ்சு போச்சுன்னா?"

"வருசா வருசம் மூடிக்குமுங்க. திரும்ப ஒடையும்."

யோசித்தார். கரண்ட் வந்துவிட்டது. கொட்டகையில் ஒவ்வொரு தறியாக ஓடத் தொடங்கியது. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சத்தத்துக்கு மேல் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

"மேனேஜரு கிட்ட நாம் பேசிக்கறேன். மணலு ஒடஞ்சா எனக்கும் ஒரு போனு போடு."

நவம்பர் 15, சனி

நேற்றெல்லாம் விடாத மழை. புயல் இல்லை, மழைதான். காலையில் ஜெனிட்டா அக்காவோடு கழிக்குப்பம் போனேன். அவருடைய மூன்றாவது அத்தியாயம் போன வாரம்தான் முடிந்தது, ஜெர்மனி பிப்ரவரிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. புதிய படத்தைத் துறைக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டோம். இரண்டாவது தெருக்காரர்களைப் புயல் என்றால் முதலிலேயே பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கிறது. அஞ்சலாட்சி அம்மாவிடம் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் கொசு அதிகம் என்றார்.

மணல் மேட்டுக்குப் போனபோது இன்னும் உடையவில்லை. கழி விளிம்புவரை நிறைந்திருந்தது. நாங்கள் நட்டு வைத்த அளவுகோலில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. வலைக்காரர்கள் மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் இன்றைக்கு உடையாது என்றார். அடுத்தவர் மண்வெட்டி கொண்டுவரச் சொன்னார். அக்கா பேசிச் சமாளித்து, தானாக உடைவதைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினார்.

முதலில் ஒரு கை அகலத்துக்குக் கோடு போல் தண்ணீர் மேட்டின் மேல் ஓடியது. குழந்தைகள் தோண்டிய வாய்க்கால் போல. யாரும் கவனிக்கவில்லை, நான் மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதன் ஓரங்கள் சரிந்தன. பிறகு பெரிய பெரிய துண்டுகளாக மணல் விழுந்து, கழி கறுப்பாகச் சுழித்துக்கொண்டு கடலுக்குள் போகத் தொடங்கியது. ஆடுகள் படுத்திருந்த இடம் போய்விட்டது. நான் நடந்த இடம் போய்விட்டது. உடைவதற்கு முன்பே மேட்டின் மேல் நடந்து அக்கரைப் பக்கம் போயிருந்த அக்கா, கையை ஆட்டி ஏதோ சொன்னார். உதட்டைப் பார்த்தேன். நேரம் குறிச்சியா என்று கேட்கிறார். குறித்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார். அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது, இந்தப் பக்கம் தண்ணீர். என்ன என்று கேட்கிறார், ஒன்றும் கேட்கவில்லை என்கிறார். ஒடஞ்சிருச்சுங்கப்பா என்றேன். கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். தறிக்காரர் யாரிடமோ நிறுத்தச் சொல்கிறார், அவருக்கும் கேட்கவில்லை.

"ஒடஞ்சிருச்சுங்கப்பா!"

மேட்டில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கரையில் ஜெனிட்டா அக்கா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.